திண்ணைத் துப்பறிவாளர்கள்

பரீட்சை விடைத்தாள்கள் ஐம்பத்திரண்டு திருத்தப்படாமல் மேஜைமீது காத்துக் கிடந்தன. நாமோ, இங்கிலாந்து தேசத்துக் குக்கிராமம் ஒன்றில், பாதிரியார் வீட்டுப் படிப்பறையில், கர்னல் ஒருவர் சுடப்பட்டுக் கிடப்பதைக் குறித்துப் பெரும் விசாரத்தில் ஆழ்ந்திருந்தோம்.

"முகத்தை ஏன் இப்படி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? யாராவது தவறிப் போய்விட்டார்களா?" என்று வீட்டம்மாள் கேட்டாள்.

"கர்னல் புரோதெரோவைக் கொன்றுவிட்டார்கள்" என்றோம்.

"நமக்குத் தீட்டு உண்டா?"

"இல்லை."

"அப்படியானால் விடைத்தாளைத் திருத்தலாமே!"

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் வேறு ஜோலி பார்க்கப் போயிருப்பார்கள், வாத்தியாராக இருக்கமாட்டார்கள். ஆனாலும் புஸ்தகத்தை நாம் மூடவில்லை. இத்தனைக்கும் அதைப் படிப்பது நமக்கு மூன்றாவது தடவை. கொலையாளி யார் என்பது கலாசாலையில் படித்த நாளிலேயே தெரியும். முடிவு தெரிந்த மர்மக் கதையைப் படிப்பது, விடை எழுதிய விடுகதையைக் கேட்பதுபோல் உப்புச் சப்பில்லாமல் அல்லவா இருக்க வேண்டும்? அப்படி இல்லையே! ஆகையால், இந்தக் கதைகளின் ருசி மர்மத்தில் மட்டும் இல்லை, வேறு எங்கோ இருக்கிறது என்ற சந்தேகம் நமக்கு வந்தது. அந்த ருசி எங்கே இருக்கிறது என்று துப்பறிவதே இந்த வாரத்து வேலை.

மேற்படி கதையை எழுதியவர் அகதா கிறிஸ்டி அம்மையார். வெளிவந்த வருஷம் 1930. அதில் துப்பறிகிறவள் மிஸ் மார்ப்பிள் என்னும் ஒரு முதிய கன்னிகை. 1927-இல் ஒரு சிறுகதையில் முதன்முதலாகத் தலைகாட்டியவள், பிறகு பன்னிரண்டு நாவல்களில் வந்தாள். கடைசி நாவல் அம்மையார் காலமான 1976-ஆம் வருஷத்தில் அச்சாயிற்று. செயின்ட் மேரி மீட் என்ற கற்பனைக் கிராமத்தில் வாசம். உத்தியோகம் கிடையாது, கையில் கம்பளிப் பின்னல், வாசலில் பூந்தோட்டம். பறவைகளைக் கவனிப்பதற்காக என்று சொல்லித் தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றும் வைத்திருக்கிறாள். நம் ஊரில் அதற்குக்கூடச் செலவில்லை, திண்ணையே போதும்.

இந்தக் கிழவிக்கு விஞ்ஞானம் தெரியாது. சாம்பலைப் பார்த்து இது எந்த ஊர்ச் சுருட்டு என்று ஷெர்லக் ஹோம்ஸ் சொல்வதுபோல் அவளால் சொல்ல முடியாது. அவளுக்குத் தெரிந்தது தன் கிராமம் ஒன்றுதான். லண்டனிலிருந்து வந்த சீமாட்டி ஒருத்தியைப் பார்த்தவுடன், தன் வீட்டில் எப்பொழுதோ வேலைக்கு இருந்த பெண் ஒருத்தியின் ஜாடை அவளுக்கு ஞாபகம் வரும். அந்தப் பெண் செய்த ஒரு சின்னப் புரட்டு ஞாபகம் வரும். அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்துவிடும். மனித சுபாவம் எங்கும் ஒன்று. அதை ஒரு தெருவில் ஊன்றிப் பார்த்தவருக்கு உலகமெல்லாம் பார்த்த பலன் உண்டு என்பதே அவளுடைய சித்தாந்தம்.

போலீஸ் இன்ஸ்பெக்டரோ வெளியிலிருந்து வருகிறார். கையில் அதிகாரம் இருக்கிறது. ஆனால் யார் வீட்டு நாய் யாரைக் கண்டால் குரைக்காது என்பது அவருக்குத் தெரியாது. ஊராருக்கு அது தெரியும். ஆனால் தெரிந்ததையெல்லாம் கோத்துப் பார்க்க அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இவ்விரு கூட்டத்துக்கும் நடுவில், அதிகாரமும் இல்லாமல், சம்பளமும் இல்லாமல், கோத்துப் பார்க்கிற பொறுமை ஒன்றை மாத்திரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரே உத்தியோகமில்லாத துப்பறிவாளர்.

1929-இல் ரொனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் விதித்தார். அவரே அத்தகைய கதைகள் எழுதியவர். தெய்வச் செயலாகக் குற்றம் வெளிப்பட்டது என்று எழுதக்கூடாது, துப்பறிகிறவர் கண்ட தடயங்களை வாசகரிடமிருந்து ஒளிக்கக்கூடாது என்பவை அவற்றுள் முக்கியமானவை. ஒரு பாதிரியார் தெய்வத்தைக் கதையிலிருந்து வெளியே நிறுத்தியது வேடிக்கைதான். ஆனால் வெற்றிலையில் மை தடவிப் பார்த்துத் திருடனைக் கண்டுபிடிக்கிற தேசத்தில் பிறந்த நமக்கு அந்தக் கட்டளையின் அருமை நன்றாய்த் தெரியும். மையில் யார் முகம் தெரிந்தது என்பதற்கு எதிர்க்கேள்வி கிடையாது. துப்பறிவாளரோ, "இது இப்படி இருந்ததால் அது அப்படி" என்று காரணம் சொல்லியாக வேண்டும். தப்பானால் தப்பென்று எவரும் காட்டலாம்.

இந்த வித்தை மேல்நாட்டாரிடமிருந்து நாம் கடன் வாங்கியது என்று சிலர் எண்ணுகிறார்கள். புஸ்தக உருவத்தைக் கடன் வாங்கினோம், வாஸ்தவம். வித்தை பழைய சொத்து. அளகேச ராஜன் கதையை நம் பாட்டிமார்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒட்டகத்தைத் தொலைத்த வியாபாரி ஒருவன் வழியில் நான்கு பேரைச் சந்திக்கிறான். "அதற்கு ஒரு கால் நொண்டியா?" என்கிறான் ஒருவன். "ஒரு கண் குருடா?" என்கிறான் மற்றொருவன். "வால் குட்டையா?" "வயிற்றுவலியா?" என்று மற்ற இருவரும் கேட்கிறார்கள். எல்லாம் சரியாய் இருக்கவே, இவர்களே திருடர்கள் என்று வியாபாரி அரசனிடம் முறையிடுகிறான். விசாரணையில் உண்மை வெளிப்படுகிறது. சுவட்டில் ஓர் அடி குறைந்தது, ஆகவே நொண்டி. வழியோரத்து மரங்களில் ஒரு பக்கத்துத் தழையே மேயப்பட்டிருந்தது. ஆகவே ஒற்றைக் கண். பாதையில் இரத்தத் துளிகள். கொசுவையும் ஈயையும் ஓட்ட முடியாத குட்டை வால். முன்கால் அழுந்தி, பின்கால் பட்டும் படாமலும் இருந்தது. ஆகவே வயிற்று நோய். நால்வரும் மந்திரிகள் ஆகிறார்கள்.

அதிகம் கவனிக்கிறவன் மேலேயே முதலில் சந்தேகம் விழுகிறது என்பதை இந்தக் கதை எவ்வளவு சாதாரணமாய்ச் சொல்லிவிடுகிறது, பார்த்தீர்களா? இதே ஒட்டகம் பாரசீகத்து வழியாக ஐரோப்பாவுக்கும் நடந்து போயிருக்கிறது. அங்கே அதைக் கண்டு சொன்னவர்கள் ஸெரந்தீப், அதாவது இலங்கை, ராஜகுமாரர்கள் மூவர்.

அளகேச ராஜன் கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் பண்டிதர் நடேச சாஸ்திரியார். 1894-இல் தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த குற்றங்களைத் தமிழில் எழுதி, நம் துப்பறியும் கதைகளுக்குப் பிள்ளையார் சுழி போட்டவரும் அவரேதான். ஒட்டகத்திலிருந்து போலீஸுக்கு ஒரே மனிதர் பாலம் போட்டிருக்கிறார்! பின்னர் 1908-இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' வந்தது. அதில் துப்பறியும் கோவிந்தன். ஆரணி குப்புசாமி முதலியாரின் ஆனந்தசிங், ஷெர்லக் ஹோம்ஸின் தமிழ் அவதாரம். இவர்களெல்லாம் தொழில் தெரிந்தவர்கள். நாம் தேடுவது தொழில் அல்லாதவர்களை.

அப்படிப்பட்டவர்களில் இருவரைச் சொல்லவேண்டும். முதலாமவர் வடுவூர் துரைசாமி ஐயங்கார் சிருஷ்டித்த திகம்பர சாமியார். 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸார் படமாக எடுத்தபோது எம். என். நம்பியார் அதில் பற்பல வேஷங்களில் தோன்றினார். இரண்டாமவர் நமது சாம்பு. தேவன் 1942-இல் ஆனந்த விகடனில் துப்பறியும் சாம்புவை அறிமுகம் செய்து, ராஜுவின் சித்திரங்களுடன் ஐம்பது கதைகள் எழுதினார். சாம்பு வங்கிக் குமாஸ்தா. அசடு என்று பெயரெடுத்தவன். எதையோ செய்யப் போய் எதுவோ நடந்து, குற்றவாளி பிடிபட்டுவிடுவான். இன்ஸ்பெக்டர் கோபாலன் பிரமித்து நிற்பார். என்ன நடந்தது என்று கடைசி வரையில் சாம்புவுக்குத் தெரியாது. அந்த அதிருஷ்டத்தைப் படித்துச் சிரிக்காத தமிழ்க் குடும்பம் ஏது?

ஒருவர் சந்நியாசி, மற்றவர் அசடு. தமிழ்நாட்டில் உத்தியோகமில்லாத துப்பறிவாளர் என்றால் ஏன் இப்படி அமைகிறார்? இதைக் குறித்து நமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. இங்கிலாந்துக் கிராமத்தில் ஒரு தேநீர் விருந்து வைத்தால் பாதிரியார், டாக்டர், வக்கீல், கர்னல் எல்லாரும் ஒரே கூடத்தில் வந்து உட்காருகிறார்கள். மிஸ் மார்ப்பிள் ஒரு மூலையில் பின்னிக்கொண்டிருந்தாலே போதும். நம் ஊர்களின் அமைப்பு வேறு. மாட வீதிக்காரர் ஒருவிதம், தறிக்காரத் தெரு ஒருவிதம், அதற்கப்பால் உள்ளவர்கள் ஒருவிதம். ஒருவர் இன்னொருவர் வீட்டு நடையைத் தாண்டுவதற்குள் ஆயிரம் கேள்விகள். எல்லா வாசற்படியையும் தாண்டக்கூடியவர்கள், எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத சிலரே. ஒன்று துறந்தவர், அல்லது யாரும் பொருட்படுத்தாத அசடு. சுஜாதா 'கரையெல்லாம் செண்பகப்பூ' என்ற கிராமத்து மர்மக் கதையை எழுதியபோது, நாட்டுப் பாடல்கள் சேகரிப்பதற்காக வெளியூரிலிருந்து வரும் கல்யாணராமனைக் கொண்டுவந்து நிறுத்தியதும் இந்தக் கஷ்டத்தினால்தான் என்பது நம் ஊகம்.

நம் காஞ்சிமா நகரமே இதற்குச் சாக்ஷி சொல்லும். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிருந்து அரசாண்ட மகேந்திரவர்ம பல்லவன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற ஹாஸ்ய நாடகத்தை எழுதினான். காஞ்சிக்கு அருகே மாமண்டூர்க் குடைவரைக் கல்வெட்டில் அதன் பெயர் இருக்கிறது. 1917-இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியார் அதை அச்சிட்டார். கதை நடப்பது காஞ்சி வீதிகளில். சத்தியசோமன் என்ற காபாலிகன், தேவசோமை என்ற தன் தோழியுடன் கள்ளுக்கடை பார்த்துத் திரியும்போது, பிக்ஷைக் கபாலத்தைத் தொலைத்துவிடுகிறான். அதில் வறுத்த மாமிசம் இருந்தது. ஆகவே எடுத்தது நாயாக இருக்கலாம், அல்லது பௌத்த பிக்ஷுவாக இருக்கலாம் என்று தர்க்கம் செய்கிறான். அவ்வழியே போகும் நாகசேனன் என்ற பிக்ஷு வஸ்திரத்துக்குள் எதையோ மறைத்துக்கொண்டு போவது தெரிகிறது. போதாதா? பிடி, அடி, சண்டை! மத்தியஸ்தம் செய்ய ஒரு பாசுபதன் வருகிறான். சண்டை வளர்கிறதே தவிர முடியவில்லை. கடைசியில் ஒரு பைத்தியக்காரன் வருகிறான். அவன் கையில் கபாலம்! ஒரு நாயிடமிருந்து பறித்தது.

ஆயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன் எழுதிய இந்த நாடகத்தில் துப்பறியும் கதையின் லக்ஷணம் எல்லாம் இருக்கிறது. பொருள் காணவில்லை, சந்தேகத்துக்கு இடமான ஆசாமி இருக்கிறான், அவன் எதையோ மறைக்கவும் செய்கிறான், ஆனால் அவன் மறைத்தது வேறு. உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவனோ யாரும் மதிக்காத பித்தன். சாம்புவின் மூதாதை நம் ஊரில்தான் பிறந்திருக்கிறான் என்று நாம் பெருமை கொண்டாடினால் யார் மறுக்க முடியும்?

இப்பொழுது ருசி எங்கே என்பதைச் சொல்லிவிடலாம். ஒரு கிராமத்தில் கொலையோ களவோ நடந்துவிட்டால், செய்தவன் ஒருவன்; சந்தேகத்துக்கு ஆளாகிறவர்கள் பத்துப் பேர். விசாரணை நீள நீள, நேற்றுவரை மோர் கடன் வாங்கிய வீட்டைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். துப்பறிவாளர் கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசும்போது, ஒருவனைப் பிடித்துக் கொடுக்கிறார் என்று நினைக்கிறோம். அது பாதிதான். மற்ற ஒன்பது பேரையும் விடுதலை செய்கிறார்! முடிவு தெரிந்தும் மூன்றாம் தடவை நாம் படிப்பது அந்த ஒன்பது பேருக்காக. சிலப்பதிகாரத்தில் அந்த விடுதலை ஒரு நாழிகை தாமதமாய் வந்தது. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று கண்ணகி உடைத்துக் காட்டியபோது தடயம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. ஆனால் கோவலன் இல்லை.

இவ்வளவும் புஸ்தக ஞானம். நாமே துப்பறிந்த வழக்கு ஒன்று உண்டு. அதைச் சொல்ல வெட்கமாய்த்தான் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் பிள்ளையார்பாளையத்தில், நமக்குப் பழக்கமான தறிக்காரர் ஒருவர், மாமனார் காலமானபின் முதன்முதலாகத் தம் பேரில் பாவு வாங்கினார். மூன்று சேலைக்கான பாவு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்வை போட்டு நெய்கிற சேலை. அதற்கு ஒருவர் போதாது. கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளித் தர இன்னோர் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு வந்தவன் நம்மிடம் படித்து முடித்த ஒரு பையன். கணக்கில் சுமார், நடத்தையில் தங்கம் என்று நாமே சான்றிதழ் எழுதிக் கொடுத்திருந்தோம்.

நெசவு வழக்கம் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலாளி பட்டையும் சரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார். நெய்த சேலையையும் மீந்த நூலையும் எடை போட்டு வாங்குவார். சேதாரம் போகக் குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். கூலியாவது போகட்டும், 'அந்த வீட்டில் நூல் குறையும்' என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் அப்புறம் பாவு கிடைப்பது கஷ்டம்.

பாவு வந்தது ஐப்பசியில். அவ்வருஷம் அடைமழை. தறிக்குழியில் தண்ணீர் ஊறி ஒரு மாதத்துக்கு மேல் வேலை ஓடவில்லை. இழுத்துப் பறித்துச் சேலைகள் முடிந்தபோது மாசி பிறந்துவிட்டது. முதல் கணக்கு ஆயிற்றே என்று, ஒப்படைக்கும் முன் மளிகைக்கடைத் தராசை இரவல் வாங்கி வீட்டிலேயே நிறுத்துப் பார்த்தார். எண்பது கிராமுக்கு மேல் குறைந்தது! திரும்ப நிறுத்தார், அதே குறைவு.

வீட்டில் மற்றவர்கள் எல்லாரும் உறவு, வெளியாள் ஒருவனே. மை போட்டுப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அது மூடநம்பிக்கை என்று நாம் கண்டித்தோம். கண்டித்ததோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பட்டதாரி அல்லவா? நாவல்கள் வேறு படித்திருக்கிறோம். சந்தர்ப்பம் யாருக்கு இருந்தது? பழக்கத்தில் யாரிடம் மாறுதல்? என்று பகுத்தறிவோடு யோசித்து, "பையன் கையில் புதுக் கடிகாரம் இருக்கிறது; கவனித்தீர்களா?" என்று ஒரு வாக்கியம் சொன்னோம்.

ஒரு வாக்கியந்தான். மறுநாள் முதல் பையனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யாரும் 'திருடன்' என்று சொல்லவில்லை. சொன்னால் எதிர்த்தாவது பேசலாம். அவன் தெருவில் நடந்தால் பேச்சு நின்றது, அவ்வளவே. மூன்றாம் நாள் அவன் தாயார் நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. முந்தானையிலிருந்து ஒரு சீட்டு நோட்டை எடுத்து நீட்டினாள். மாதாமாதம் கட்டிய தொகை, சீட்டு எடுத்த தேதி, கடிகாரக் கடையின் ரசீது எல்லாம் அதில் இருந்தன. "நீங்கள் படித்தவர்கள், பார்த்துச் சொல்லுங்கள், சார். எனக்கு எழுத்துத் தெரியாது" என்றாள். பார்த்தோம். எல்லாம் சரியாய் இருந்தது. அவளுக்கு என்ன சொன்னோம் என்பது இப்போது ஞாபகமில்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளத் தக்கதாக எதுவும் சொல்லியிருக்க மாட்டோம்.

அந்தத் தெருவில் வீடு வீடாய்ப் போய்த் தார் சுற்றிக் கொடுக்கும் ஆயா ஒருத்தி இருக்கிறாள். வயது எழுபத்தைந்துக்குக் குறையாது. ராட்டினத்தோடு எந்த வீட்டு நடையிலும் உட்காருவாள். அவள் இருக்கிறாள் என்பதற்காக யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. பேரனுக்குக் கல்யாணம் என்று ஊருக்குப் போயிருந்தவள் அன்றைக்குத்தான் திரும்பினாள். சமாசாரத்தைக் கேட்டாள். நேரே தறிக்காரர் வீட்டுக்குப் போனாள். நாமும் அங்கே இருந்தோம்.

"சரிகை குறைகிறதா, பட்டு குறைகிறதா?" என்றாள்.

"நெய்த சேலையில் பிரித்தா நிறுக்க முடியும், ஆயா?"

"மீந்த சரிகைச் சுருள் எங்கே?"

தறிக்குப் பக்கத்தில், பையன் உட்காரும் இடத்துக்குக் கை எட்டும் தூரத்தில், திறந்த பெட்டியில் இருந்தது. எண்ணினார்கள். கணக்குப்படி இருந்தது.

"திருடுகிறவன் விலை உசந்த சரிகையை விட்டுவிட்டுப் பட்டையா எடுப்பான்? சரி, பட்டை எப்போது நிறுத்துக் கொடுத்தார்கள்?"

"ஐப்பசியில்."

"மழையிலா?"

"மழையில்தான்."

கிழவி சிரிக்கவில்லை. மீந்த பட்டில் ஒரு சிட்டத்தை எடுத்து நிறுக்கச் சொன்னாள். நூறு கிராம். அதைக் கொண்டுபோய்க் குளிக்கிற அறையில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, நனையாமல் ஒரு கொடியில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு, "காலையில் பாருங்கள்" என்று போய்விட்டாள்.

காலையில் நிறுத்தோம். நூற்றேழு கிராம். தொட்டுப் பார்த்தால் ஈரம் தெரியவில்லை!

வாசகர்களே, இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பட்டு காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொள்ளும் வஸ்து. கைக்குத் தெரியாமலே ஏராளமான ஈரத்தைத் தனக்குள் வைத்திருக்கும். இதனால் வியாபாரத்தில் வம்பு வருகிறது என்று பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் 1805-ஆம் வருஷத்திலேயே பட்டின் ஈரத்தைக் கணக்கிட்டு எடை சொல்ல ஒரு நிலையம் வைத்துவிட்டார்கள். உலர்ந்த பட்டின் எடையோடு நூற்றுக்குப் பதினொரு பங்கு ஈரம் சேர்த்துக் கணக்கிடுவது சர்வதேச வியாபார வழக்கம். ஐப்பசி மழையில் ஊறிய பட்டு மாசி வெயிலில் இளைத்துவிட்டது. திருடன் சூரிய பகவான்.

"உங்கள் பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் சொல்லித் தருவதில்லையா, வாத்தியாரே?" என்று ஆயா கேட்டாள். பரிகாசமாய் அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"சொல்லித் தருகிறோம்" என்றோம். காற்றின் ஈரப்பதம் என்ற பாடத்தை வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதுகிறவர் நாமே. அந்தப் பையனுக்கும் நாம்தான் சொல்லிக் கொடுத்தோம்.

சேலைகளைத் தறிக்காரர் கொண்டுபோய்க் கொடுத்தார். முதலாளி வீட்டுப் பெரியவர் எடையைப் பார்த்தார். பேரேட்டைப் புரட்டி மாதத்தைப் பார்த்தார். "மழைப் பாவு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரவு வைத்துக்கொண்டார். அவருக்கு இதெல்லாம் பாலபாடம். யாரும் யாரையும் கேட்காமலே மூன்று நாளில் இவ்வளவும் நடந்திருந்தது.

தறிக்காரர் பையனைக் கூப்பிடப் போனார். நாமும் கூடப் போனோம். அவன் மரியாதையாய் எழுந்து நின்றான். பாயை விரித்தான். தாயார் காப்பி கொடுத்தாள். "பரவாயில்லை, சார்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னான். தறிக்கு மட்டும் வரவில்லை. இப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். விடியற்காலையில் கம்பெனி வண்டிக்காக மூலையில் நிற்கும்போது நம்மைப் பார்த்தால் வணக்கம் சொல்லுகிறான். கடிகாரத்தைக் கையில் நாம் பார்க்கவில்லை. நம் கண்ணில் படாமல் கட்டியிருக்கிறானோ என்னவோ. இனி எதையும் கவனித்துச் சொல்லுவதில்லை என்று வைத்திருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்த ஆயாவுக்குக் கர்னல் புரோதெரோவின் கதையைச் சொன்னோம். வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி, ஆயாவைப்போலவே, உட்கார்ந்த இடத்திலிருந்து கண்டுபிடித்தாள் என்று புகழ்ந்தோம். ஆயா புகழ்ச்சியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"கண்டுபிடிக்கும் முன்னால் யார் யாரைச் சந்தேகப்பட்டார்கள்?" என்றாள்.

ஒவ்வொருவராய்ச் சொன்னோம். ஐந்தாறு பேர் வந்தது.

"அவர்களெல்லாம் அப்புறம் அந்த ஊரிலேயே இருந்தார்களா?"

"அது புஸ்தகத்தில் இல்லை" என்றோம்.

"பாதிக் கதைதான் எழுதியிருக்கிறான்."

எழுதியது ஒரு ஸ்திரீ என்று திருத்தினோம்.

"அப்படியா? அப்போ அவளுக்குத் தெரிந்திருக்கும், எழுத மனசு வந்திருக்காது" என்று சொல்லி, அறுந்த இழையை முடிந்துகொண்டு, ராட்டினத்தைச் சுற்றத் தொடங்கினாள்.